லகடோங் விதை கோபியில நட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

இப்ப எங்க பார்த்தாலும் லகடோங் மஞ்சள், குர்குமின் (மஞ்சளுக்கு நிறம் குடுக்கற சத்து) 7 சதவீதத்துக்கு மேலன்னு விளம்பரம். போன வருஷம் கோபி பக்கம் எங்க சித்தப்பா, ஒரு வியாபாரிகிட்ட நல்ல விலை குடுத்து அந்த விதைக்கிழங்கு வாங்கி அரை ஏக்கர் நட்டாருங்க, "அதே 7 இங்கயும் வரும்"னு அடிச்சுச் சொல்லித்தான் வித்தாங்க. அறுவடை பண்ணி, வேகவச்சு, காயவச்சு லேப்ல குடுத்தா அதுக்குக் கிட்டயே வரல. விரலி மஞ்சளை ஒடிச்சுப் பார்த்தப்பவே தெரிஞ்சுதுங்க, உள்ள அந்த ஆரஞ்சு நிறம் இல்ல, வெளிர் மஞ்சளாத்தான் இருந்துச்சு.

லகடோங் மேகாலயாவுல ஜெயின்டியா மலைப்பயிர். அங்க மழை அதிகம், புளிப்புத்தன்மை உள்ள மண்ணு, குளிர்ச்சி. நம்ம ஊர்ல வெயிலு, வாய்க்கால் கிணத்துப் பாசனம். ரகம் ஒண்ணா இருந்தாலும் செடி அந்தச் சத்தை எவ்வளவு உண்டாக்குங்கறதை மண்ணும் தட்பவெப்பமும் சேர்ந்துதான் தீர்மானிக்குது. 2019ல புவிசார் குறியீடு வாங்குன ஈரோடு மஞ்சளுக்கே குர்குமின் 2.5ல இருந்து 4.5 சதவீதம்தான், அது ஒண்ணும் மட்டமில்லைங்க, நிறத்துக்கும் சமையலுக்கும் அருமையான சரக்கு.

விதை விக்கறவங்க அவங்க சொல்ற குர்குமின் எந்த ஊர்ல விளைஞ்சப்ப எடுத்த அளவுன்னு பில்லுலயே எழுதித் தரணும், வேளாண்மைத் துறை இதைக் கட்டாயமாக்கணும்.

இப்படிக்கு,
ஒரு மஞ்சள் விவசாயி வீட்டுப் பிள்ளை, ஈரோடு மாவட்டம்