நம் ஒலிநாடாவில் கேட்ட கிணற்று ராட்டினம்

திருவிடைமருதூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குக் காய்ச்சல் தணிந்து அவன் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டான் என்று அறிந்து நிம்மதியடைந்தேன். இங்கே சம்பா அறுவடை பாதி முடிந்திருக்கிறது; தைப்பூசமும் நல்லபடியாக நடந்தேறியது. திருவிழாவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு மறுநாள் நடந்த ஒன்று மனத்தை விட்டு அகலாததால் அதையே முதலில் சொல்கிறேன்.

நம் பகுதி ரசிகர்கள் சேர்ந்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி ராகம் என்று குறிப்பிட்டு, ஒரு நிமிடம்கூட நீளாத ஒலித்துண்டு ஒன்றை அனுப்பியிருந்தார். ஆலாபனை மேல் ஸ்தாயிக்கு ஏறும் இடத்தில், நாகஸ்வரத்துக்குப் பின்னால் ஒரு கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டது. எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது. நீயும் நானும் வானொலிப் பெட்டிக்கு முன்னால் டேப்ரிக்கார்டரை வைத்துவிட்டு மூச்சையடக்கி உட்கார்ந்திருந்த அந்த இரவில், கொல்லையில் என் அம்மா நீர் இறைத்த ஓசை அது. வாசித்தவர் காருகுறிச்சி அருணாசலம். திருச்சி வானொலி அறிவிப்பாளர் அவர் பெயரைச் சொன்னதை நாம் தொடக்கத்திலேயே பதிந்திருந்தோம். யாரோ அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, நடுவிலிருந்து ஒரு துண்டை மட்டும் எடுத்திருக்கிறார்கள்.

அருணாசலம் ராஜரத்தினம் பிள்ளையிடம் கற்றவர். குருவின் தோடி அவர் வாசிப்பில் நிழலாடுவது இயல்பு. ஆனால் 1956இல் மறைந்த குருவுக்கும் 1964இல் மறைந்த சீடருக்கும் இடையே எது பொது, எது தனி என்று நாம் எத்தனை இரவுகள் மகாலிங்கசுவாமி கோயில் மதிலோரம் வாதாடியிருப்போம்! அந்த வாதத்தில்தான் நமக்குக் காது திறந்தது.

விவரத்தைக் குழுவில் பொறுமையாக எழுதினேன். இரண்டு பேர் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். மாலைக்குள் வாழ்த்துப் படங்களும் வேறு காணொளிகளும் வந்து குவிந்ததில் நான் எழுதியது மேலே எங்கோ போய்விட்டது. அடுத்த வாரம் இன்னொருவர் அதே துண்டை அதே பெயரில் மறுபடியும் அனுப்பினார். அவர்கள் இசையின்மீது அன்பில்லாதவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒருவர் சொன்னதன்மேல் மற்றொருவர் சேர்த்துச் சொல்லி அறிவு வளர்வதற்கு, சொன்னது ஓரிடத்தில் தங்க வேண்டும். இங்கே எதுவும் தங்குவதில்லை.

நாம் வெளியூர் ரசிகர்களுடன் தபாலில் ஒலிநாடா மாற்றிக்கொண்ட காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு நாடாவுடனும் ஒரு தாள் வரும்: ராகம், தாளம், ஊர், தவில் யார், யாரிடமிருந்து பிரதி எடுத்தது. தவறு இருந்தால் அடுத்த கடிதத்தில் திருத்தம் வந்துவிடும். துண்டு சிறியதாக இருப்பதையும் நான் குறையாகக் கருதவில்லை. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தானே ஓடும்? அந்த மூன்று நிமிடத்தைச் சுற்றி வருடக்கணக்கில் பேசும் மனிதர்கள் அன்று இருந்தார்கள்.

தைப்பூசத்தன்று சுவாமி புறப்பாட்டில் அந்த வேளைக்கே உரிய மல்லாரி இசை கம்பீர நாட்டை ராகத்தில் ஒலித்தபோது சுற்றிலும் கைபேசிகள் உயர்ந்தன. பிள்ளைகள் நாகஸ்வரத்தைப் படம் எடுக்கிறார்களே என்று முதலில் மகிழ்ந்தேன். பிறகு அந்தக் காணொளிகள் கைக்கு வந்தபோது எதிலும் வாசித்தவர்கள் பெயர் இல்லை. மல்லாரி என்ற பெயரும் இல்லை. தீர்த்தம் கொண்டுவரும்போது ஒன்று, நைவேத்தியத் தளிகை எடுத்து வரும்போது ஒன்று, தேருக்கு ஒன்று என்று மல்லாரி வேளைக்கும் செயலுக்கும் ஏற்ப மாறுவது உனக்குத் தெரியும். வேளையை அறுத்துவிட்டால் கேட்பவர் அதை எப்படி அறிவார்? சாகித்யமே இல்லாமல் தவிலும் நாகஸ்வரமும் நெடுநேரம் விரித்துப் போகும் ரக்தியை அரை நிமிடத்தில் எங்கே அடைப்பது? அதை யாரும் பதிவு செய்ய முனையவும் இல்லை.

ஆயினும் ஒரு பையன் தேடி வந்தான். தவில் கற்கிறானாம். குழுவில் நான் எழுதியதைப் படித்துவிட்டு, அந்தத் தோடிக்குத் தவில் வாசித்தவர் யார் என்று கேட்டான். எனக்கு உறுதியாகச் சொல்ல வரவில்லை. நம் ஒலிநாடாக் குறிப்பேடு, நீலக்காகித அட்டை போட்டது, உன்னிடம்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பாதே. முடிந்தால் குறிப்பேட்டையே விரைவுத் தபாலில் அனுப்பிவை. பையன் ஞாயிறுதோறும் வருகிறான். என்னிடம் உள்ள நாடாக்களைக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் புதிதாகத் தாள் எழுதலாம் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.

உன் அன்புள்ள நண்பன்