ஆண்டறிக்கை 2024–25: ஊர்வல வேகத்தில் இன்ஜின் சூடேறுவதைக் குறைக்க நம் சங்கம் மேற்கொண்ட பணிகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பழைய வண்டிகளை வீட்டு மூத்தோரைப் போலப் பேணிவரும் சங்க அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு இவ்வாண்டும் மாதந்தோறும் தவறாமல் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிக்கவிருப்பதால், ஆண்டு முழுவதும் நம் நேரத்தையும் உழைப்பையும் பெரிதும் எடுத்துக்கொண்ட ஒரே பொருளைப் பற்றி மட்டும் இவ்வறிக்கையில் விரிவாகக் கூற அனுமதி வேண்டுகிறேன்.

சென்ற ஏப்ரல் மாதம் கோவை ரேஸ் கோர்ஸிலிருந்து அவிநாசி சாலை வழியாக நாம் நடத்திய ஊர்வலத்தில், ஓர் அம்பாசடர், ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஒரு மோரிஸ் மைனர் ஆகிய மூன்று வண்டிகள் தண்ணீர் கொதித்து வழியிலேயே நின்றுவிட்டதை உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பார்க்க வந்தவர்களின் கண்ணெதிரே அவற்றைக் கயிறு கட்டி இழுத்துவர நேர்ந்தது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. அதைவிட வருத்தம், அவசரத்தில், இன்ஜினின் தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறந்த உறுப்பினர் ஒருவரின் முன்கையில் கொதிநீர் பட்டதுதான். இன்ஜின் நன்றாக ஆறும் வரை மூடியில் யாரும் கைவைக்கக் கூடாது என்பதை இனி சங்க விதியாகவே கொள்ள வேண்டும்.

இந்த மூன்று வண்டிகளும் அதற்கு முந்தைய மாதம் பொள்ளாச்சி சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் எவ்விதத் தொல்லையும் இன்றி ஓடியவை. நெடுஞ்சாலையில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. ஊர்வலத்தில் வண்டி ஆள் நடக்கும் வேகத்தில் நகர்வதால் எதிர்க்காற்று இல்லை. விசிறி ஒன்றே துணை. அந்த விசிறியும் பெல்ட்டின் மூலம் இன்ஜினோடு சேர்ந்து சுழல்வதால், ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடவிடும்போது) இன்ஜின் மெதுவாகும்போது காற்றும் அதே அளவில் குறைந்துவிடுகிறது. எனவே வேகமாக ஓடும்போது சூடேறும் வண்டியில் முதலில் தண்ணீர் ஓட்டத்தையும், நின்று நகரும்போது மட்டும் சூடேறும் வண்டியில் முதலில் காற்றோட்டத்தையும் பார்க்க வேண்டும். உறுப்பினர் ஒருவர் ஒரு கடையில் பெருந்தொகை செலவிட்டுப் ரேடியேட்டருக்குப் புதிய கோர் (உட்குழாய்த் தொகுதி) பொருத்திய பின்னரும் அவருடைய வண்டி சிக்னலில் கொதித்ததற்கு, கோளாறு காற்றில் இருக்கத் தண்ணீர்ப் பக்கம் மட்டும் சீர்செய்யப்பட்டதே காரணம் என்பது பின்னர் தெரிந்தது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஞாயிறுதோறும் உறுப்பினர் ஒருவரின் கொட்டகையில் வண்டிகளைச் சோதித்தோம். முதலில் சூடுகாட்டும் மீட்டர்களையே சோதித்தோம். ஊசி பொய் சொன்னால் மற்ற எல்லா வேலையும் வீண். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 99 டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடும். கொதிநீர்ப் பாத்திரத்தில் சென்சாரை நனைத்து, ஊசி எங்கே நிற்கிறது என்று டயலில் குறித்துக்கொண்டோம்.

அம்பாசடரில் சுற்றிலும் காற்றை வழிப்படுத்தும் தகட்டுக் கூடு இல்லாமல் விசிறி வெறுமனே சுழன்றுகொண்டிருந்தது. அத்தகைய விசிறி, ரேடியேட்டரின் நடுவட்டத்தில் மட்டும் காற்றை இழுத்து, நான்கு மூலைகளையும் விட்டுவிடுகிறது. மேலும், வண்டி நிற்கும்போது ரேடியேட்டரைக் கடந்து வந்த வெந்த காற்று, பக்கவாட்டு இடைவெளிகள் வழியாக மீண்டும் முன்பக்கம் சென்று, அதே காற்றே திரும்பத் திரும்ப உள்ளே வருகிறது. இதை ஓர் ஊதுவத்திப் புகையைக் காட்டியே எல்லோருக்கும் விளக்க முடிந்தது. ரேடியேட்டருக்கும் பாடிக்கும் இடையிலான சந்துகளை ரப்பர் பட்டையால் அடைத்தோம். மெல்லிய தகட்டில் ஒரு கூடு செய்து, விசிறி இதழின் பாதி அகலம் கூட்டுக்குள்ளும் மறுபாதி வெளியிலும் இருக்குமாறு பொருத்தினோம். இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் அசையும், ரேடியேட்டரோ அசையாது. ஆகவே இதழ் நுனிக்கும் கூட்டுக்கும் இடையே ஓர் அங்குல இடைவெளி விட்டோம். முகப்பில் ஆசையோடு மாட்டியிருந்த கூடுதல் விளக்குகளையும் சின்னத் தகடுகளையும் உரிமையாளர் தாமே கழற்றிக் கொடுத்தார். அன்று நண்பகல் வெயிலில் நெடுநேரம் ஐடிலிங்கில் விட்டும் ஊசி சிவப்புக் கோட்டைத் தொடவில்லை.

ஹெரால்டின் கோளாறு வேறு. சென்னையில் தயாரான 948 சிசி வண்டியான அதில் காற்று, தண்ணீர் இரண்டும் சரியாகவே இருந்தன, டைமிங்தான், அதாவது தீப்பொறி விழும் நேரம்தான், பின்தங்கியிருந்தது. தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில், மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் பாயின்ட்டின் குதி தேயத் தேய அதன் இடைவெளி சுருங்கும். இடைவெளி சுருங்கினால் தீப்பொறி தாமதமாகும். தாமதமாக எரியும் பெட்ரோல் தன் சூட்டை எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அதைச் சுற்றியுள்ள தண்ணீருக்கும் கொடுத்துவிடும். பாயின்ட்டை மாற்றி, டைமிங்கைச் சீராக்கியதும் வண்டியின் இயல்பே மாறியது. மிகக் குறைந்த செலவில் முடிந்த இவ்வேலையைப் பிற உறுப்பினர்கள் முதலில் செய்துபார்க்கும்படி வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

மோரிஸ் மைனர், 918 சிசி சைடு வால்வு இன்ஜின் கொண்ட தொடக்க கால வண்டி. அதில் வாட்டர் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் லேசாகி மேலெழ, குளிர்ந்தது கீழிறங்கும் இயல்பான சுழற்சியையே அது நம்பியிருக்கிறது. 1922 முதல் 1939 வரை தயாரான ஆஸ்டின் செவனும் இவ்வகையே. மேல் ஹோஸ் வாய்க்குக் கீழே தண்ணீர் இறங்கிவிட்டால் சுழற்சி அறுந்துபோகும். இன்ஜின் பிளாக்கின் அடியில் வண்டல் தேங்கினாலும் அதே கதிதான். உரிமையாளர் பல ஆண்டுகளாகப் போர்வெல் தண்ணீர் ஊற்றிவந்தமையால், வடிகால் திருகைக் கழற்றியபோது ஒரு சொட்டும் வரவில்லை. கம்பி விட்டுக் குத்திய பின்னரே துருவும் சுண்ணாம்பும் கலந்த சேறு வெளியே வந்தது. நம் வீட்டுக் குழாயில் சிறுவாணித் தண்ணீர் வரும்போது உப்புத் தண்ணீரை வண்டிக்கு ஊற்றுவது ஏன் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் அன்று கேட்டது நியாயமான கேள்வி. காய்ச்சி வடித்த நீரோடு துருத்தடுப்புக் கூலண்ட் கலந்து ஊற்றுவதே இன்னும் நல்லது.

எலெக்ட்ரிக் விசிறி பொருத்தலாமா என்பதில் செயற்குழுவில் இரு கருத்துகள் இருந்தன. அதை நான் எதிர்க்கவில்லை, ஆனால் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அத்தகைய விசிறி ஏறத்தாழ 8 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும். இவ்வகை வண்டிகளில் மின்சாரம் தரும் லூகாஸ் சி40 டைனமோ முழு வேகத்தில் தருவதே 22 ஆம்பியர்தான்; ஐடிலிங்கில் ஏறக்குறைய எதுவும் தருவதில்லை. விசிறி மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில் அது பேட்டரியைத்தான் உறிஞ்சும். மேலும், பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் பாடியோடு இணைந்த அமைப்பு) இருப்பதால், வயரை மாற்றிக் கொடுத்தால் விசிறி எதிர்த்திசையில் சுழன்று காற்றை வெளியே தள்ளும். ஓர் உறுப்பினரின் வண்டியில் இது நிகழ்ந்து, விசிறி ஓட ஓடச் சூடு ஏறியதை நாங்களே கண்டோம். முகப்பில் ஒரு காகிதத் துண்டைப் பிடித்துப் பார்த்தால் காற்றின் திசை உடனே தெரிந்துவிடும்.

தண்ணீர் சூடேறும் வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்துவைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கத்தையும் கைவிட வேண்டுகிறேன். பைபாஸ் வழி உள்ள சில இன்ஜின்களில், அது இல்லாவிட்டால் தண்ணீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடும்.

அக்டோபரில் மேட்டுப்பாளையம், குன்னூர் வழியாக இரு வண்டிகள் உதகை சென்று திரும்பின. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதிக்கும். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி அந்தக் கொதிநிலையைச் சுமார் 13 டிகிரி வரை உயர்த்தித் தருவதால், மூடியின் ரப்பர் வளையத்தை ஏறுமுன் சரிபார்த்தது பயன் தந்தது. அதைவிடக் கூடிய அழுத்த மூடியைப் பழைய பித்தளை ரேடியேட்டருக்குப் போட்டால் ஈயப் பற்று விட்டுப்போகலாம்.

அடுத்த ஊர்வலம் காலை 6:30 மணிக்கே தொடங்க வேண்டும். முன் வண்டியின் சூடான புகை பின் வண்டிக்குள் புகாதபடி இரண்டு வண்டி நீளம் இடைவெளி விட வேண்டும். நெடுநேரம் நிற்க நேர்ந்தால் கியரை நியூட்ரலில் வைத்து இன்ஜினைச் சற்றே விரைவாக ஓடவிட வேண்டும். இம்மூன்றையும், தொடாமல் சூட்டை அளக்கும் கருவி ஒன்றைச் சங்கச் செலவில் வாங்கும் முன்மொழிவையும் செயற்குழு ஏற்றுள்ளது. அவற்றோடு சேர்த்து இவ்வறிக்கையையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்