மாசியில் வரும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

மாசியில் இரண்டு கிழமை லீவு எடுத்து, முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கக் கிராமங்களில் இலவசமாக நோயாளரைப் பார்க்க வருகிறாய் என்று எழுதியிருந்தாய். அம்மா இப்பவே மிளகாய்த்தூள் இடிக்கக் கணக்குப் போடுகிறா. ஆனால் பிளேன் ரிக்கற் போடமுதல் இலங்கை மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவுக்கு எழுது. லண்டனில் எத்தனை வருசம் டொக்டராக இருந்தாலும் அந்தப் பதிவில்லாமல் இங்கே ஒரு குளிசையும் எழுதக்கூடாது. பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் ஒரு கடிதம் போடு. அந்தக் கிழமை எந்த ஊரில் அரசாங்கக் கிளினிக் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அதே நாளில் நீயும் கடை விரித்தால் சனம் இரண்டாகப் பிரியும்.

சூட்கேஸ் நிறைய மருந்து கொண்டுவர நினைக்காதே. மருந்து இறக்க அனுமதி வேண்டும். நன்கொடை மருந்து வந்துசேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஒரு வருசம் இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதைவிட, நீ போன பிறகு நடப்பதை யோசி. இங்கே பிறசர், சீனி வருத்தக்காரர் எல்லாருக்கும் ஒரு கிளினிக் கொப்பி இருக்கிறது. மாதாமாதம் ஆஸ்பத்திரியில் மருந்து எடுப்பார்கள். அங்கே இல்லாத குளிசையை நீ தொடங்கினால் அடுத்த மாதம் அது நின்றுபோகும். பிறசர் குளிசையான லொசாட்டனையே வேறு பெட்டியில், வேறு பெயரில் கொடுத்தால், சனம் அது வேறு மருந்து என்று இரண்டையும் போடும். பிறகு தலைசுற்றிச் சைக்கிளோடு விழும். ஆகவே முதலில் கொப்பியைப் பார். நீ செய்ததையெல்லாம் அந்தக் கொப்பியிலேயே, மருந்தின் பொதுப்பெயரோடு, திகதி போட்டு எழு‌து. தனித் துண்டில் எழுதினால் அது வீடு போய்ச் சேராது.

கொண்டுவருவதென்றால், பிறசர் பார்க்கும் பட்டியில் பெரிய அளவும் சின்ன அளவும் கொண்டு வா. மெலிந்த கிழவிகளின் கைக்கு நடு அளவு பெரிது, பிறசர் குறைத்துக் காட்டும். சீனி பார்க்கும் மெசின் இங்கே ஸ்ட்ரிப் வாங்கக்கூடிய கொம்பனியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் நீ போன மறுநாள் அது விளையாட்டுச் சாமான். ஸ்ட்ரிப் போத்தலை மூடியே வை, பூட்டிய வானுக்குள் வெயிலில் விடாதே. பாதத்தில் உணர்ச்சி பார்க்க, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையும் எடுத்து வா. வயலில் வெறுங்காலோடு நிற்கும் சீனி வருத்தக்காரருக்கு முள் குத்தியது தெரியவே தெரியாது.

மாசி, பங்குனி அருவிவெட்டுக் காலம். நாரி நோ என்றுதான் பாதிப்பேர் வருவார்கள். டைக்ளோபினாக், இபுபுரோபன் பக்கம் போகாதே, அந்த நோக்குளிசைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் இருக்கிறது. அது கமக்காரரைத்தான் கூட அடிக்கிறது. தொடக்கத்தில் கால் வீக்கமும் இராது, சலத்தில் புரதமும் அனேகமாகப் போகாது. சலம் பார்க்கும் பட்டி நல்லதாய்க் காட்டினது என்று விட்டுவிடாமல், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பார்க்க இரத்தம் எடுத்து அனுப்பு. நோவுக்குப் பனடோலும் சுடுதண்ணி ஒத்தடமும் போதும். காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் இருந்தால் எலிக்காய்ச்சலை நினை, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு.

பாம்பு பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்லவேண்டும். வயலில் கடிப்பது முத்திரைப் புடையன். நீங்கள் கண்ணாடி விரியன் என்று படித்தது அதுதான். முதலில் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடு, காசில்லை. அது வரும்வரை 2 மில்லிலீற்றர் இரத்தத்தைப் புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வை. பிறகு ஒருதரம் சரித்துப் பார். உறையாமல் ஓடினால் நஞ்சு இரத்தத்தில் ஏறிவிட்டது. பிளாஸ்டிக் குழாயோ சவர்க்காரம் போட்டுக் கழுவின குழாயோ என்றால் நல்ல இரத்தமும் உறையாது. பிழையான முடிவு வரும். உறைந்தாலும் ஆளை வீட்டுக்கு விடாதே. விசமுறிவு ஊசிக்கு ஒவ்வாமை அடிக்கடி வரும், அதை ஆஸ்பத்திரியில்தான் போடவேண்டும். இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம்.

விரியன், அதாவது கட்டு விரியன், இரவில் நிலத்தில் படுப்பவரைக் கடிக்கும். அனேகமாக நோவு இராது, பல்லுப் பட்ட அடையாளமும் தெரியாது. விடியவில் வயிற்று நோ என்று வருவார்கள். கண் இமை சரிந்திருக்கிறதா என்று பார். அந்தக் குழாய்ப் பரிசோதனை இதற்கு உதவாது. இது நரம்பைத் தாக்கும் நஞ்சு.

இன்னொன்று, உன் லண்டன் பழக்கத்தில் காந்தத்தால் படம் பிடிக்கும் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லி எழுதமுன், சண்டையில் பட்ட செல் (எறிகணை) துண்டு உடம்பில் இருக்கிறதா என்று கேள். 2009இல் சண்டை முடிந்த பிறகும் உடம்புக்குள் இரும்போடு நடமாடுபவர்கள் இங்கே கனபேர். அதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். முதலில் எக்ஸ்றே. வரிசையில் ஆட்கள் நிற்கக் கேட்காதே. தனியே, திரைக்குப் பின்னால் கேள். எங்கே பட்டது, எப்போது பட்டது என்று தோண்டவேண்டாம், துண்டு எந்த இடத்தில் என்பது மட்டும் உனக்குப் போதும்.

திகதி சரிவந்ததும் எழுது. பள்ளிக்கூட மண்டபம் கேட்கிறதென்றால் சனி, ஞாயிறுதான் சரி. வேலை தொடங்குவது காலை ஆறரைக்கு வைப்போம். சாப்பிடாமல் சோதனைக்கு இரத்தம் கொடுக்க வருபவர்களை ஒன்பது மணிக்கு மேல் வெறும் வயிற்றில் வைத்திருக்கக்கூடாது. அம்மா கடலை அவித்துத் தருவதாகச் சொல்கிறா.

அன்புடன்,
அப்பா