முத்திரை வைத்த பெட்டியைத் திறக்கும் உரிமை: பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

ராணுவத்தின் வண்டிகளையும் தளவாடங்களையும் பழுது பார்க்கும் இ.எம்.இ. படைப்பிரிவில் வண்டி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலூர்ப் பக்கம். எங்கள் ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார்கள்.

டாங்கி, வண்டிகளை முழுதாகப் பிரித்துச் சீர்செய்யும் ராணுவத்தின் தளப் பணிமனைகளை அரசின் சொத்தாகவே வைத்துக்கொண்டு, நடத்தும் பொறுப்பை மட்டும் தனியாரிடம் விடும் 'கோகோ' முறை பல வருடமாகப் பேச்சில் இருக்கிறது. 2020-ல் வந்த பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறையோ, தளவாடத்தோடு சேர்த்துப் பராமரிப்பையும் ஒப்பந்தமாக விட வழி செய்திருக்கிறது. தனியார் வரவே கூடாது என்று சொல்ல நான் எழுதவில்லை. உதிரிபாகம் வராமல் மாதக்கணக்கில் ஜாக்கி மேல் நின்ற வண்டிகளைப் பார்த்தவன் நான். சீக்கிரம் கொண்டுவந்து தருகிறவர் யாராக இருந்தாலும் சரி.

என் பயம் வேறு. எல்லைப் பக்கம் ஒரு யூனிட்டில் இருந்தபோது, புதிதாக வந்த ஒரு கனரக வண்டியில் ஹைட்ராலிக் பம்ப் ஒழுக ஆரம்பித்தது. கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் போயிருந்தது. அதே அளவு ஓ-ரிங் என் டூல் பெட்டியிலேயே இருந்தது. ஆனால் பம்பில் கம்பெனியின் முத்திரை. பிரித்தால் வாரண்டி போய்விடும், தொடாதே என்று உத்தரவு. கம்பெனி ஆள் மலையேறி வந்து சேரப் பதினோரு நாள் ஆனது. அரை மணி நேரத்தில் மாற்றிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். அவர் மேல் தப்பில்லை. ஒப்பந்தம் எழுதியவர்கள் அந்த மலையை நினைத்துப் பார்க்கவில்லை.

அமைதிக் காலத்தில் பதினோரு நாள் போனால் போகட்டும் என்று விடலாம். ஆப்கானிஸ்தானில் அப்படி விட முடியவில்லை. அந்த நாட்டு விமானப்படை ரஷ்ய எம்.ஐ.-17 ஹெலிகாப்டர்களின் பராமரிப்பில் பெரும்பகுதியைத் தானே செய்துகொண்டிருந்தது. அவற்றுக்குப் பதிலாக அமெரிக்கா தன் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களைக் கொடுத்தது. அதன் பராமரிப்பு ஒப்பந்ததாரர்கள் கையில். 2020 பிப்ரவரியில் தோஹாவில் தாலிபானோடு அமெரிக்கா போட்ட உடன்படிக்கைப்படி, அமெரிக்கப் படையோடு அந்த ஒப்பந்ததாரர்களும் வெளியேற வேண்டியதாயிற்று. அவர்கள் போய்விட்டால் சில மாதங்களுக்கு மேல் எந்த ரக விமானமும் போருக்குத் தயாராக நிற்காது என்று அமெரிக்காவின் சொந்தத் தணிக்கை அலுவலகமே 2021 தொடக்கத்தில் எச்சரித்தது. கடைசியில் வீடியோ காலில் ரிப்பேர் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆகஸ்ட் 15-ல் காபூல் தாலிபானிடம் விழுந்தது. விழுந்ததற்குக் காரணம் இது ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த கை சொந்தப் படையில் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை அந்த நாட்டு மெக்கானிக்குகள் நேரில் பார்த்தார்கள்.

நம்மிடம் அந்தக் கை இருக்கிறது. டில்லி கன்டோன்மென்டில் உள்ள 505 தளப் பணிமனையில், முழுதாகப் பிரித்துக் கோத்த முதல் டி-90 டாங்கி 2024 அக்டோபரில் வெளியே வந்தது. செய்தியைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. ஒரு டாங்கியைக் கடைசி போல்ட் வரை கழற்றிப் பார்த்தவனுக்குத்தான், போர்முனையில் சத்தத்தை வைத்தே எது போச்சு என்று சொல்ல வரும்.

அதனால் ஒப்பந்தம் போடும்போது மூன்று விஷயத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வரைபடம், கையேடு, சோதனை மென்பொருள் எல்லாம் ராணுவத்தின் கையிலும் இருக்க வேண்டும். தனியார் நடத்தும் பணிமனையிலும் இ.எம்.இ. பையன்கள் பார்வையாளராக இல்லாமல், கையில் கிரீஸ் படப் பக்கத்திலேயே நின்று வேலை செய்ய வேண்டும். அப்புறம், முன்னணியில் இருக்கும் யூனிட் அவசரத்துக்கு எந்த முத்திரையை உடைத்தாலும் வாரண்டி போகாது என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

என் அக்கா மகன் இப்போது செகந்தராபாத்தில் இ.எம்.இ. பயிற்சியில் இருக்கிறான். அடுத்த வருடம் அவனை எந்த மலைக்கு அனுப்புவீர்களோ தெரியாது. அங்கே ஒரு பம்ப் ஒழுகினால், அதைத் திறக்கும் அனுமதி அவனிடம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு ஹவில்தார்