மேடையேறாதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரியீர்,

பேரிடர்க் காலச் சுற்றுச்சூழல் சுகாதாரப் பணிக்கென எங்களுக்கு நடத்தப்பட்ட ஐந்து நாள் பயிற்சி நிறைவுற்றது. நிறைவு விழாவில் உரையாற்றிய வல்லுநர்களுக்கு முறைப்படி நன்றி கூறிவிட்டோம். ஆனால் அந்த ஐந்து நாட்களில் நாங்கள் கற்றவற்றுள் பெரும்பகுதியைக் கற்பித்தவர்கள் மேடைக்கு வரவேயில்லை. பங்கேற்ற சுகாதார ஆய்வாளர்கள் சார்பில் அவர்களுக்கு எழுதப்படுவதே இம்மடல்.

முதல் நன்றி, குடிநீர்த் தொட்டியை இயக்கும் பணியாளர் ஐயா அவர்களுக்கு. வெள்ளம் வடிந்தபின் 10,000 லிட்டர் தொட்டி நீரைக் குடிநீராக்குவது எங்களுக்கு இடப்பட்ட ஒத்திகை. லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் என்றால் மொத்தம் 20 கிராம் வேண்டும். பிளீச்சிங் பவுடரில் 30 விழுக்காடு குளோரின் உண்டு என்று மூட்டையில் அச்சிட்டிருந்தபடியால் ஏறத்தாழ 67 கிராம் தூள் போதும் என்று கணக்கிட்டுக் கலந்தோம். முப்பது நிமிடம் கழித்துச் சோதித்தபோது, எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரையாவது இருக்க வேண்டிய நீரில், குளோரின் இருந்தால் சோதனை மருந்து காட்டும் நிறம் தோன்றவேயில்லை. நாங்கள் கணக்கை மீண்டும் மீண்டும் சரிபார்த்துக்கொண்டிருக்க, அவர் மூட்டையை மட்டும் பார்த்துவிட்டு, "இதை எப்போது திறந்தீர்கள்?" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. திறந்த மூட்டை வெப்பத்திலும் ஈரத்திலும் கிடந்தால் குளோரின் மெல்ல வெளியேறிவிடும் என்பதை நாங்கள் படித்திருந்தோம், அவர் பழகியிருந்தார். கலங்கலைத் தெளியவைக்காமல் தூளைக் கலந்தால், கிருமிகளை விட்டுவிட்டுச் சேற்றோடு போராடியே குளோரின் தீர்ந்துபோகும் என்பதையும் இரண்டு வாளி நீரை அருகருகே வைத்து அவரே காட்டினார்.

ஆய்வகத் தொழில்நுட்பர் அம்மா அவர்கள் அதற்கு மறுபக்கத்தைக் காட்டினார். 1993ஆம் ஆண்டு அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி குடிநீர் வழியே பரவி, ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் நோயுற்றதாக மதிப்பிடப்பட்டது. சுத்திகரிப்பு நிலையத்தில் வழக்கமாக இடப்படும் குளோரின் அவ்வொட்டுண்ணியை அழிப்பதில்லை. ஆகவே, சோதனைக் குழாயில் நிறம் வந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக 'நீர் பாதுகாப்பானது' என்று கையெழுத்திடக் கூடாது. ஐயம் எழுந்தால் கொதிக்கவைத்துக் குடிக்குமாறு அறிவிக்கத் தயங்கவும் கூடாது என்று அவர் வலியுறுத்தினார்.

இடம்பெயர்ந்தோராக நடித்த தன்னார்வலர்களுக்குத்தான் மிகுதியும் கடன்பட்டிருக்கிறோம். முந்நூறு பேர் தங்கும் முகாமை அமைக்கச் சொன்னதும், பேரிடர் நிவாரணத்துக்கான பன்னாட்டுக் குறைந்தபட்ச அளவுகளான ஸ்ஃபியர் தரங்களை வைத்துச் சில நிமிடங்களில் பலகையில் எழுதிவிட்டோம்: ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் வீதம் 4,500 லிட்டர் நீர், இருபது பேருக்கு ஒன்று வீதம் 15 கழிப்பறைகள், ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் வீதம் 1,050 சதுர மீட்டர் கூரையிடம். கணக்கில் பிழையில்லை. ஆனால் சக்கர நாற்காலியில் வந்த பெரியவரால் அந்தப் பதினைந்தில் ஒன்றுக்குள்ளும் நுழைய முடியவில்லை. கைக்குழந்தையுடன் வந்த தாயாக நடித்தவர், விளக்கில்லாத அந்தப் பாதையில் இரவில் எப்படிச் செல்வது, உள்ளே தாழ்ப்பாள் உண்டா என்று வினவினார். மாதவிடாய்த் துணிகளை எங்கே அலசுவது, எங்கே அகற்றுவது என்று கேட்ட இளம்பெண்ணுக்கு எங்கள் வரைபடத்தில் இடமேயில்லை. நேரம் ஓடுகிறதே என்று அவர்கள்மீது முதலில் எனக்குச் சற்று எரிச்சல் வந்தது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். அந்த வரைபடத்தை நான் மூன்று முறை மாற்றி வரைய நேர்ந்தது.

மின்பணியாளர் ஒருவர், நாங்கள் மழைக்கு அஞ்சிச் சன்னலோரம் நிறுத்தியிருந்த ஜெனரேட்டரை ஒரு சொல்லும் பேசாமல் ஆறு மீட்டருக்கு அப்பால் நகர்த்தச் செய்தார். அதன் புகையிலுள்ள நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை என்ற விளக்கம் பின்னரே வந்தது. சமையற்கூடப் பொறுப்பாளரோ, மின்சாரம் நின்றபின் குளிர்பதனப் பெட்டியைத் திறவாமல் வைத்தால் நான்கு மணி நேரம் வரையே அதை நம்பலாம் என்று கடிகாரத்தைக் காட்டி எச்சரித்தார்.

தூய்மைப் பணியாளர்களுக்கு நன்றி கூறும்போது ஒரு குற்றவுணர்வும் உடன் வருகிறது. வெள்ளநீரில் இறங்குவோருக்குக் நீர்புகாக் காலணியும் கையுறையும் பட்டியலிட்டிருந்தோம். அத்துடன் எங்கள் கடமை முடிந்ததாகக் கருதினோம். எலிக்காய்ச்சல் நீரில் இறங்கிய சில நாட்களிலும் வரலாம், ஒரு மாதம் கழித்தும் வரலாம் என்று வகுப்பில் கூறியபோது, அவர்களில் மூத்தவர் எழுந்து, "அப்படியானால் அன்று தண்ணீரில் இறங்கியவர்களின் பெயர்ப்பட்டியல் ஒரு மாதம் கழித்து யாரிடம் இருக்கும்?" என்று கேட்டார். எங்கள் திட்டத்தில் அப்படியொரு பட்டியலே இல்லை. அவருடைய கேள்விக்குப் பின்னரே அது சேர்க்கப்பட்டது.

பேரிடர்க் களங்களில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் அம்மா அவர்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். உடல்களைத் தாமதமின்றி மொத்தமாகப் புதைத்துச் சுண்ணாம்பு தூவ வேண்டும் என்று என் திட்டத்தில் எழுதியிருந்தேன். வெள்ளத்திலோ நிலநடுக்கத்திலோ இறந்தோரின் உடல்களால் பொதுவாகக் கொள்ளைநோய் பரவுவதில்லை, சுண்ணாம்பால் பயனுமில்லை, அடையாளம் காணுமுன் புதைத்துவிட்டால் குடும்பத்தார் வாழ்நாள் முழுதும் தேடிக்கொண்டிருப்பார்கள் என்று அவர் அமைதியாக எடுத்துரைத்தார். காலராவைப் போன்ற தொற்றால் இறந்தோருக்குத் தனிக் கவனம் வேண்டும் என்பதையும் விளக்கினார். அந்தப் பத்தியை அன்றிரவே அடித்துவிட்டேன்.

நாங்கள் இல்லாத ஐந்து நாட்களும் எங்கள் பணியையும் சேர்த்துச் சுமந்த உடன்பணியாளர்களுக்கும், இரவு நெடுநேரம் வகுப்பறையைத் திறந்து வைத்திருந்த காவலருக்கும் எங்கள் நன்றி.

ஆறு மாதம் கழித்து இதே தொட்டியில் மீண்டும் ஒத்திகை நடத்த இசைவு பெற்றுள்ளோம். தாங்கள் அனைவரும் அவசியம் வர வேண்டும். இம்முறை ஒவ்வொரு மூட்டையின்மீதும் திறந்த தேதி எழுதப்பட்டிருக்கும். தொட்டி இயக்கும் ஐயா அவர்கள் முதலில் அதைச் சரிபார்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
பயிற்சியில் பங்கேற்ற சுகாதார ஆய்வாளர்கள் சார்பில் ஒருவர்