திரைக்குப் பின்னால் இருந்த கடை

மக்ளே,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். திருவனந்தபுரத்தில் இறங்கும்போது நல்ல மழை. அம்மாவுக்குக் கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, பயப்படும்படி ஒன்றுமில்லை. நீ சொன்ன மாதிரி தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருக்கிறாள்.

வந்த அன்று போனில் கேட்டாய், நியூயார்க்கில் எது ரொம்பப் பிடித்தது என்று. சுதந்திர தேவி சிலை என்று சொல்லிவைத்தேன். மருமகன் லீவு போட்டுக் கூட்டிப்போனவர், உன் பக்கத்திலேயே நிற்கிறார், வேறென்ன சொல்ல? உண்மையில் எனக்குப் பிடித்தது அந்த பர்கர் கடை.

56வது தெருவில் நடக்கும்போதே மூன்று தடவை சொல்லிவிட்டாய், "சின்ன இடம்தான் அப்பா, உட்கார இடம் கிடைக்குமோ என்னமோ" என்று. முந்தின ராத்திரி நீ கூட்டிப்போன பெரிய இடத்தில் தாம்பாளம் போல ஒரு தட்டு, அதன் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மீன். நான் பசியோடு படுத்ததும், அம்மா பையிலிருந்து முறுக்கு எடுத்துத் தந்ததும் உனக்குத் தெரியாது. அதனால் சின்ன இடம் என்றதும் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் நீ நுழைந்தது பெரிய நட்சத்திர ஓட்டலுக்குள். இவள் என்ன பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். கூரை வரைக்கும் தொங்கும் திரை, அதை ஒட்டி ஒரு இருட்டுச் சந்து, கடைசியில் பர்கர் வடிவத்தில் குட்டியாக ஒரு நியான் விளக்கு. உள்ளே போனால் நம் பஸ் ஸ்டாண்டு சாயாக்கடை! சுவர் முழுக்க ஆட்களின் கிறுக்கல், அட்டையில் கையால் எழுதிய விலைப் பட்டியல், தின்று முடிப்பவன் எப்போது எழும்புவான் என்று தலைக்கு மேலே நிற்கும் கூட்டம். 2002 முதல் அங்கேயே இருக்கிறதாம். ஓட்டல் அன்றைக்கு பார்க்கர் மெரிடியன், இன்றைக்கு தாம்ப்சன். கடை அசையவில்லை. பெயரும் வெறும் பர்கர் ஜாயின்ட், அதாவது பர்கர் கடை, நாம் போர்டில் 'பொறோட்டாக் கடை' என்று மட்டும் எழுதியிருந்த மாதிரி.

வரிசையில் நிற்கும்போது மருமகன் ஒரு கதை சொன்னார். நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே அரைத்த இறைச்சி என்றாலே ஜனங்களுக்குச் சந்தேகமாம். 1921இல் விச்சிட்டா என்ற ஊரில் ஒயிட் காசில் என்று கடை போட்டவர்கள், எல்லாவற்றையும் வெள்ளையடித்து, ஆட்களின் கண் முன்னாலேயே பர்கர் சுட்டு, ஐந்து சென்டுக்கு விற்றுத்தான் அந்தப் பயத்தைப் போக்கினார்களாம். கல்லை ஏன் வாசலில் போட்டிருக்கிறாய், புகை ரோட்டுக்கு வருகிறது என்று என்னிடம் சண்டை போட்டவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லியிருக்கலாம்.

நீங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள், நான் சமையல்காரரின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டமாகத் தட்டிய இறைச்சியில் மசாலா கிடையாது, உப்புகூடப் பிசையவில்லை. கிரில்லில் போடும் நேரத்தில் மேலே தூவினார், அவ்வளவுதான். நாம் பீஃப் ஃப்ரைக்கு உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்துத்தானே எடுப்போம்? யோசித்தால் அவர் செய்வதும் சரிதான். அரைத்த இறைச்சியில் உப்பைப் போட்டுப் பிசைந்தால் அது இழுத்துப் பிடித்து ரப்பராகிவிடும். திருப்பிப் போட்டபின் கரண்டியால் ஒரு தடவைகூட அமுக்கவில்லை. அமுக்கினால் நெய் ஓடிவிடும். நம் கடைப் பையனிடம் இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியது நினைவிருக்கும்.

பக்கத்து ஆள் கடித்த பர்கரின் நடுவில் சிவப்பாக இருந்ததைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது. அது ரத்தமில்லை, இறைச்சியின் நிறம்தான் என்றாய். அதே வாயால் நம் பர்கருக்கு மட்டும் 'நன்றாக வேகட்டும்' என்று சொன்னாய். முழுத் துண்டென்றால் கிருமி மேலோடு நிற்கும், அரைத்தால் உள்ளே கலந்துவிடும், 71 டிகிரி சூடு ஏற வேண்டும் என்று வகுப்பு வேறு எடுத்தாய். நர்சு வேலை உன்னைச் சாப்பாட்டு மேசையில்கூட விடாது போல.

அப்புறம், ஒன்று எழுத வேண்டும். பத்தாம் வகுப்பில் கூட்டாளிகளோடு வரும்போது, நம் கடை நெருங்கினால் நீ ரோட்டின் எதிர்ப்பக்கம் மாறிவிடுவாய். கல்லுக்குப் பின்னால் நிற்பவனுக்கு ரோடு முழுக்கத் தெரியும். நான் கேட்டதில்லை. அந்த வயது அப்படி. அன்றைக்கு உன்னோடு வேலை செய்யும் பெண் தற்செயலாக அந்த பர்கர் கடைக்கு வந்தாளே, அவளிடம் என்னைக் காட்டி, "என் அப்பா, இருபத்தெட்டு வருஷம் பொறோட்டாவும் பீஃபும் போட்டவர், அந்த கிரில்லை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன் என்கிறார்" என்றாய். அவ்வளவு இங்கிலீஷ் எனக்கும் தெரியும். வாய் நிறைய பர்கர் இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று மார்த்தாண்டம் சந்தையில் தோள்பட்டை வாங்கினேன், ஐந்தில் ஒரு பங்கு கொழுப்போடு. கடைக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்தான். உப்பைக் கடைசியில்தான் தூவினேன். இறைச்சி நன்றாகவே வந்தது. தேங்காய்க்கொத்து இல்லாதது ஒரு குறை என்று சொல்லிக்கொண்டே அம்மா இரண்டு தின்றாள். பன்தான் காலை வாரிவிட்டது. பேக்கரி பன் ஒரே இனிப்பு, சாறு இறங்கி ஊறிக் கையிலேயே பிய்ந்துவிட்டது. அந்தக் கடைக்காரர் பன்னின் உள்பக்கத்தை வாட்டித்தான் எடுத்தார், எத்தனை நேரம் என்று கவனிக்காமல் விட்டுவிட்டேன். அடுத்த தடவை அந்தப் பக்கம் போனால் எண்ணிப் பார்த்துச் சொல்லு.

அப்பா