செயலாளர் ஆண்டறிக்கை 2025: சதுப்பு நிலமும் நம்ம சங்கமும்

தலைவர், பொருளாளர், கமிட்டி உறுப்பினர்கள், நம்ம நகர் குடும்பங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயத்தை சீக்கிரம் முடிச்சிடுறேன். வரவு செலவு பொருளாளர் படிப்பார். தெருவிளக்கு பெரும்பாலும் எரியுது, மழைக்கு முன்னாடி வடிகால் தூர் வாரியாச்சு, சந்தா பாக்கி வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு கட்டிடுங்க.

இந்த வருஷம் முக்கால்வாசி நேரம் போனது தென்சென்னையில நம்ம பக்கத்துல இருக்குற பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத்தான். 2022ல இதை ராம்சார் தலமா, அதாவது ராம்சார் ஒப்பந்தப்படி உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலமா, அறிவிச்சாங்க, மொத்தம் சுமார் 1,248 ஹெக்டேர். அதுல வனத்துறை கையில இருக்குறது கிட்டத்தட்ட 700 ஹெக்டேர்தான், மிச்சம் எந்தெந்த சர்வே நம்பர்ல வருதுன்னு தெளிவா எல்லை போட்டு ஜனங்க பார்க்குற மாதிரி வைக்கல, அந்த இடைவெளியிலதான் பெரிய பெரிய கட்டுமானம் உள்ள நுழையுது. பெரும்பாக்கம் பக்கம் ஆயிரத்துக்கும் மேல வீடு வர்ற அடுக்குமாடி திட்டம் ராம்சார் எல்லைக்குள்ள வருதுன்னு புகார் கிளம்பி, கேஸ் ஹைகோர்ட் வரைக்கும் போய், அக்டோபர் கடைசில வேலைக்கு இடைக்காலத் தடை வந்தது உங்களுக்கே தெரியும். 2017 சதுப்பு நில விதிப்படி இந்த நிலத்தை வேற உபயோகத்துக்கு மாத்தவே கூடாது, அப்புறம் எப்படி பர்மிஷன் கிடைக்குதுன்னுதான் நாம மனு மேல மனு குடுத்தோம்.

மண்ணடிச்சு மேடாக்குனா என்ன ஆகும்னு சிலர் கேட்டீங்க. பூநாரை, உள்ளான் எல்லாம் முழங்கால் ஆழத்துக்கும் கம்மியான தண்ணியில நடந்து இரை தேடுற பறவைங்க. ஒரு பக்கம் மேடாச்சுன்னா மழைத்தண்ணி மிச்ச இடத்துல ஏறி ஆழமாயிடும், அப்ப அதுங்களுக்கு நிக்க இடம் கிடையாது. தாழைக்கோழிக்கு தண்ணியில வளர்ற சம்பும் கோரையும் வேணும், இலைக்கோழிக்கு மிதக்குற இலைச் செடிங்க வேணும், அதையெல்லாம் வழிச்சுட்டா கூடு கட்ட எங்க போகும்? ஏற்கனவே ஒரு பக்கம் பெருங்குடி குப்பைமேடு, நடுவுல ரோடு, அதைச் சுத்தி கட்டிடம். போதாதா?

பறவைக்காக மட்டும் பேசுறோம்னு நினைக்காதீங்க. தென்சென்னை ஏரிங்க நிரம்பி வழியுற தண்ணி இங்க வந்துதான் ஒக்கியம் மடுவுங்கிற வடிகால் வழியா பக்கிங்காம் கால்வாய்க்குப் போகுது, 2015 வெள்ளத்துல நம்ம தெருவுல என்ன நடந்துச்சுன்னு யாருக்கும் சொல்லத் தேவையில்ல.

இப்ப கொஞ்சம் கஷ்டமான விஷயம். செப்டம்பர்ல சுற்றுச்சூழல் வழக்கு விசாரிக்குற தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ராம்சார் எல்லைக்குள்ளயும் சுத்தி 1 கிலோமீட்டருக்கும், ஆய்வு முடியுற வரைக்கும் புது அனுமதி குடுக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டதுல, மாடி எடுக்கலாம்னு பிளான் போட்டு லோன் வரைக்கும் போன நம்ம உறுப்பினர்களே மாட்டிக்கிட்டாங்க. அவங்க கோபம் நியாயம்தான், கூட்டத்துல சத்தம் போட்டதையும் தப்பா எடுத்துக்கல. ஆனா அதுக்காக தடையையே மொத்தமா எடுக்கச் சொல்லிக் கேக்கணும்னு வந்த யோசனைக்கு கமிட்டி ஒத்துக்கல, ஏன்னா அந்தக் கதவு திறந்தா முதல்ல உள்ள வர்றது நம்ம ஒத்தை மாடி இல்ல, லாரி லாரியா மண்ணுதான். ஆய்வை சீக்கிரம் முடிங்க, ஏற்கனவே குடியிருக்குற சின்ன வீடுங்களுக்கு என்ன விதின்னு தெளிவா சொல்லுங்க, அதுவரைக்கும் பெரிய கட்டுமானம் எதையும் விடாதீங்க, இதுதான் நாம எழுதிக் குடுத்தது. எனக்கு இதுல முழு சம்மதம்.

அடுத்த வருஷத்துக்கு ரெண்டு தீர்மானம் வைக்கிறேன். ராம்சார் எல்லைக்குள்ள வர்ற சர்வே நம்பர் பட்டியலை தாசில்தார் ஆபீஸ்லயும், கட்டட அனுமதி குடுக்குற சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) ஆபீஸ்லயும் எல்லாரும் பார்க்குற மாதிரி ஒட்டணும், எல்லைக்கல் நடணும்னு கலெக்டருக்கு மனு. ராத்திரி நேரத்துல மண் லாரி வந்தா போட்டோ, வண்டி நம்பர், நேரத்தோட குறிச்சு வைக்க தெருவுக்கு ஒருத்தர். பேர் குடுக்குறவங்க கூட்டம் முடிஞ்சதும் என்கிட்ட இருக்குற நோட்டுல எழுதிடுங்க, மனுவுல கையெழுத்தும் அப்பவே போட்டுடுங்க.

இப்படிக்கு,
செயலாளர்